உப்பு வாங்கியவள்

சங்குமுனையில் யாரையாவது நிறுத்தி, சங்கக் கட்டடத்தை எங்கே கட்டினார்கள் என்று கேட்டால், "கட்டுனது எங்கயோ, இப்பம் இருக்கது கீழத்தெருவுல" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள்; ஏனென்றால் கட்டியது கடற்கரைச் சாலையில், இருப்பது கீழத்தெருவில், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அந்தக் கட்டடம் தானாகவே நடந்து கடந்தது, அதை அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போனதைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். அந்த நடையைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் ஊரில் பலர். ஆனால் முதலில் எரிந்ததும் கடைசிவரை எரிந்ததும் தங்கபுஷ்பத்தின் வயிறு.

தங்கபுஷ்பம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அய்யாத்துரையின் மனைவி. அந்தக் காலத்தில் சங்கத்துக்கு என்று இருந்தது ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஒற்றை அறை. கீழே டியூபுக்குக் காற்றடித்தால் மேலே பேசுவது கேட்காது, மேலே கோஷம் போட்டால் கீழே கடைக்காரர் வாடகையைக் கூட்டிவிடுவார். நமக்கென்று ஒரு கட்டடம் எழும்பாமல் ஓய மாட்டேன் என்று அய்யாத்துரை சொன்னார், அன்று முதல் வீட்டில் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஓடு ஒழுகுகிறது என்றால், கட்டடம் முடியட்டும். தங்கச்சி வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம் என்றால், கட்டடம் முடியட்டும். இத்தனைக்கும் தங்கபுஷ்பம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, சோறு ஆறுவதற்குள் எதிரில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆனால் விளக்கு வைத்தால் தெருவோடு போகிற யாராவது வாசலில் நின்று, "மதினி, அண்ணாச்சி பேசிக்கிட்டு இருக்காவ, சித்த நேரம் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். "அங்க எனக்கு ஒரு சக்களத்தில்லா இருக்கா" என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்வாள். வருஷம் போகப் போகச் சிரிப்பு மட்டும் குறைந்தது, சொல் அப்படியே இருந்தது.

கடைசியில் கடற்கரைச் சாலையில் இடம் வாங்கி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது, உப்பளத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. அய்யாத்துரை சாமி பூதம் என்று எதையும் சேர்க்காதவர். பூசாரியும் வேண்டாம், பால்குடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வெறும் குழியில் வெறும் கல்லை இறக்க அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை அள்ளி, "உப்பளத் தொழிலாளியின் சங்கத்துக்கு உப்பைப் போடாமல் எதைப் போடுவது தோழர்களே" என்று குழிக்குள் போட்டார். ஆண்கள் கைதட்டினார்கள். கொத்தனார் இசக்கி மட்டும் கம்பி துருப்பிடித்துப் போகுமே என்று தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் கைதட்டவில்லை, ஒருத்தி விலாவில் ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். சங்குமுனையில் தாலி கட்டினால் மட்டும் கல்யாணம் முடிந்துவிடாது. மாப்பிள்ளை ஒரு கைப்பிடி உப்பை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும், அவள் அதைக் கீழே சிந்தாமல் கொண்டுவந்து புகுந்த வீட்டு அடுப்படியில் இருக்கிற உப்பு மரவையில், அந்த மரக்கிண்ணத்தில், போட வேண்டும், அப்போதுதான் அவள் அந்த வீட்டுக்காரி. கூட்டத்தில் நின்றிருந்த தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்க்காத பெண் அன்றைக்கு அங்கே இல்லை. அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கட்டடம் எழும்பியது. என்னென்ன வேண்டும் என்று கமிட்டி ஆண்கள் கூடிக் கூடி யோசித்துக் கட்டிய கட்டடம் அது: கூட்டம் போட மண்டபம், செயலாளருக்குத் தனி அறை, நூலகம், கோஷம் எழுதிய தட்டிகளையும் கொடிகளையும் அடுக்க ஓர் உள்ளறை, சுற்றிச் சைக்கிள் நிறுத்த இடம், முன்னால் ஊரிலேயே உயரமான கொடிக்கம்பம். வெள்ளையடித்து, கீழே நீலத்தில் கரை போட்டு, திறப்புவிழா அன்று வாசல்நிலையில் செவ்வந்தி மாலை தொங்கவிட்டிருந்தார்கள். "மணப்பொண்ணு கணக்கா இல்ல இருக்கா" என்று பின்னால் யாரோ சொன்னது தங்கபுஷ்பத்தின் காதில் விழுந்தது. கட்டடம்தான் முடிந்துவிட்டதே என்று அன்றைக்கு அவள் நெத்திலிக் குழம்பு வைத்து, இரண்டு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தாள். விளக்கு வைத்த கையோடு வாசலில் ஆள் வந்து நின்றது. "மதினி, அண்ணாச்சி பேசிக்கிட்டு இருக்காவ."

கட்டடம் நடக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மத்தியானம் கடற்காற்று இறங்குகிற நேரத்தில், ஊரே கண்ணயரும்போது, அது அஸ்திவாரத்தோடு மெல்லக் கிளம்பி ஒரு முழமோ அரை முழமோ கிழக்கே நகர்ந்து நிற்கும். நின்றிருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம் விழும், அதில் தண்ணீர் ஊறும், மறுநாள் அங்கே உப்பு விளைந்து கிடக்கும். சாயங்காலமானால் சுவர்கள் வியர்த்தன. மேலிருந்து கீழாக நீர் கோடு கோடாக வழிந்து, காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. வாசல்கதவு யார் தள்ளினாலும் தோள் கொடுத்துத்தான் திறந்தது. இசக்கி கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சுவரை முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் கட்டுனதுக்குத்தான் பொறுப்பு, நடக்கதுக்கு இல்ல" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. மின்சார இலாகாக்காரர்கள் கம்பியைச் சுருட்டி மிச்சம் வைத்து, மாதாமாதம் கொஞ்சம் அவிழ்த்துவிட்டார்கள். சங்க வாசலில் டீ விற்ற கோயில்பிச்சை கடைக்குச் சக்கரம் போட்டுக்கொண்டார். தபாலில் வருகிற முகவரியே மாறிவிட்டது. உப்பளத் தொழிலாளர் சங்கம், தற்சமயம் பால் டிப்போ அருகில் என்று எழுதினால் ஒழுங்காக வந்து சேரும். கட்டடமும் மரியாதை தெரிந்ததுதான், யாருடைய பட்டா நிலத்தையும் மிதிக்கவில்லை, புறம்போக்கு ஓரமாகவே வந்தது, ஒரு வேப்பமரம் குறுக்கே நின்றபோது அதன் பூ உதிர்ந்து முடிகிறவரை நின்று, பிறகு ஒதுங்கிப் போனது. அளத்து முதலாளிகள் முதலில் சிரித்தார்கள். "எங்க சங்கம் கிளம்பிருச்சு, எந்த வாசலுக்கு வரும்னு எங்களுக்கே தெரியாது" என்று அய்யாத்துரை பேச்சுவார்த்தையில் ஒரு வார்த்தை போட்டார், அந்த வருஷம் கூலி உயர்வு சண்டை இல்லாமல் முடிந்தது. எதிர்ச் சங்கத்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. நம்ம கட்டடம் மட்டும் என்ன நொண்டியா என்று, தங்கள் அஸ்திவாரத்தை உடைத்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினார்கள். நடக்கவில்லை என்றதும் வடம் கட்டி இழுத்தும் பார்த்தார்கள். தூண் ஒன்று கம்பி துருவேறி விரிசல் விட்டதுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

சங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் எப்போது சங்கம்மா என்று சொல்ல ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. உப்புப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விடியற்காலையில் அளத்துக்குப் போகிறவர்கள், "சங்கம்மா எங்க வந்துருக்கா?" என்று கேட்பார்கள். "ரேசன் கடையத் தாண்டிட்டா." "கால் வலிக்காதா அவளுக்கு." "புருசன் வீட்டுக்குப் போறவளுக்குக் கால் வலிக்குமாக்கும்." தங்கபுஷ்பம் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். சங்கம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கு நேராக அய்யாத்துரை வீடு இருக்கிற கீழத்தெருவைத்தான் பார்த்தது என்பது அவளுக்கும் தெரியும். ஒருநாள் அடுத்த வீட்டு லூர்தம்மாள், இருபது வருஷமாக உப்புச் சுமந்து தலை நடுவில் முடி தேய்ந்தவள், மீன் கழுவிக்கொண்டே ஒரு பேச்சை விட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத புஷ்பம். அண்ணாச்சி உன்னக் கட்டுறதுக்கு முந்தியே சங்கத்துல சேந்தாச்சு. முறைப்படி பாத்தா அவதான் மூத்தா. நீ எளையா."

அன்றைக்குத் தங்கபுஷ்பம் சாப்பிடவில்லை. சக்களத்தி வருகிறாள் என்பதைக்கூட அவள் தாங்கியிருப்பாள், தன்னை இளையாள் ஆக்கிக்கொண்டு வருகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சங்கம்மா வருகிற வழியில் கழுநீரைக் கொட்டினாள். பாதையை மறித்து முருங்கைக் கொம்பை ஊன்றினாள். கட்டடம் அதைச் சுற்றிக்கொண்டு வந்தது, கொம்பு தழைத்துக் கீரையும் கொடுத்தது, அந்தக் கீரையை அவள் பறிக்கவே இல்லை. பெட்டியில் கிடந்த அரக்குச் சேலையை எடுத்துக் கட்டி, தெருமுனைவரை நடந்துபோய், நீலக்கரை போட்டு நிற்கிறவளையும் தன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். உயரத்தில் தோற்றுவிட்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

"அவ எதுக்கு இங்க வாரா?" என்று அய்யாத்துரையிடம் கேட்டாள். அவர் ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கட்டடம் ஏளா அது. செங்கல்லு, சிமெண்டு."

"செங்கல்லு எதுக்கு நடக்கு?"

"கடற்கரை மண்ணு. இளகின மண்ணு. நவுரத்தான் செய்யும்."

"உங்களத் தேடித்தான் வாரா. ஊரே சொல்லுது."

அவர் மீசைக்குள் லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். வேறு எதைச் செய்திருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள்.

மறுநாள் மத்தியானம் வீடு கூட்டுகிற வாரியலைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கபுஷ்பம் கிளம்பினாள். சங்கம்மா தெருமுனைக்கே வந்துவிட்டிருந்தாள். படிக்கட்டில் அளத்துப் பெண்கள், காலெல்லாம் உப்பு வெடிப்போடு, கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் பழையது குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம சங்கம்தான, உள்ள போயி உக்காந்தா என்ன?"

"உள்ள ஆம்பளையாளுக நாற்காலியப் போட்டுப் பேசிக்கிட்டு இருப்பாவ புஷ்பம்" என்றாள் லூர்தம்மாள். "எங்களுக்குன்னு உள்ள என்ன இருக்கு? ஒதுங்கக்கூட ஒரு மறைப்பு கெடையாது. முதலாளி அளத்துலயாவது ஒரு கருவேலங்காடு இருக்கு."

தங்கபுஷ்பம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை; அவள் வந்த வேலை வேறு. கதவை உதைக்கக் காலைத் தூக்கினாள், கால் படும் முன்பே கதவு திறந்தது. நேராகச் செயலாளர் அறைக்குள் போய், "என்னய்யா நடக்கு இங்க" என்று கத்தவேண்டும் என்று தெருவெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்ததைக் கத்த வாயைத் திறந்தாள். அறையில் ஆள் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய நாற்காலியில், கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"உங்க அண்ணாச்சி எங்க?" என்று பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த பெண்களிடம் கேட்டாள்.

"மாவட்டக் கமிட்டிக்குப் போயாச்சுல்லா."

"நேத்து?"

"கலெக்டர் ஆபீசு."

"சாயங்காலம் இங்கனதான பேசிக்கிட்டு இருக்காவ?"

லூர்தம்மாள் மற்றவர்களைப் பார்த்தாள். "அவரு இங்கன உக்காந்து நாங்க பாத்ததே இல்ல புஷ்பம். வருவாரு, நிப்பாரு, பேசிட்டு வாரேன்னுட்டுப் போவாரு."

தங்கபுஷ்பம் வாரியலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில்தான் மற்ற எங்கேயும்விட அதிகமாக உப்புப் பூத்திருந்தது. இத்தனை வருஷமும் யாரை நினைத்து வயிறு எரிந்தாளோ அவள் வீட்டிலும் சோறு ஆறித்தான் கிடந்திருக்கிறது என்று தோன்றியதும், அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாராட்டி, பேசிட்டு வாரேன்னு?"

சுவர் வியர்த்தது.

வேறொருத்தி வீட்டுக்குப் போனால் எந்தப் பெண்ணும் தேடுவதை அவளும் தேடினாள். மண்டபத்தைப் பார்த்தாள், நூலகத்தைப் பார்த்தாள், கொடி அடுக்கிய உள்ளறையைப் பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அடுப்பு இல்லை. ஒரு டீ போடுவதற்குக்கூட மூன்று கல் இல்லை. கமிட்டி ஆண்கள் யோசித்து யோசித்துக் கட்டிய கட்டடத்தில் அடுப்படியை மறந்துவிட்டிருந்தார்கள். அடுப்படி இல்லையென்றால் மரவை ஏது? உப்பைக் கையில் வாங்கிய ஒருத்தி அதைப் போடுவதற்குப் புகுந்த வீட்டு மரவை எங்கே என்று தெரியாமல் நின்றால் என்ன செய்வாள், சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்து, உப்பைக் கொடுத்தவன் வீட்டு மரவையைத்தானே தேடி வருவாள்? அந்த மரவை தங்கபுஷ்பத்தின் அடுப்பு மேட்டில் இருந்தது. சங்கம்மா தேடி வந்தது அய்யாத்துரையை அல்ல.

உடனே அவள் மனசு இளகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, மரவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தேய்ந்து கறுத்த பழைய மரவை அது, அவள் கல்யாணத்தன்று உப்பைப் போட்டது. இன்னொருத்தி உப்பையும் இதில் வாங்கிவிட்டால் பிறகு அவளைச் சக்களத்தி என்று சொல்ல முடியாது, இந்த வீட்டுக்காரி என்று சொல்ல வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று ஒரு மனசு. நாளெல்லாம் வெளியே நிற்கட்டுமே என்று ஒரு மனசு. அப்புறம்தான் அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது: கல்யாணத்தில் வருகிற பெண்ணுக்கு முன்னால் மரவையை நீட்டுகிறவள் யார்? வீட்டில் மூத்தவள். இளையாள் ஒருநாளும் நீட்டுவதில்லை. நீட்டினால் தான்தான் மூத்தாள், அதற்குமேல் லூர்தம்மாளோ வேறு எவளோ வாயைத் திறக்க முடியாது. அவளைக் கிளப்பியது இரக்கம் இல்லை, அந்தக் கணக்குதான்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் கடற்காற்று இறங்கியபோது சங்கம்மா கடைசி முழத்தையும் கடந்து, எதிர்வாசலில் படியோடு படி உரச வந்து நின்றாள். தங்கபுஷ்பம் அரக்குச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, அளத்துப் பெண்கள் எல்லோரும் படியேறி வருகிறவரை வேண்டுமென்றே காத்திருந்து, மரவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு செயலாளர் அறைக்குள் போனாள்.

"லூர்தக்கா, நல்லா பாத்துக்க" என்றாள். பிறகு சுவரைப் பார்த்து, "போடுட்டி" என்றாள்.

பூத்திருந்த உப்பு அத்தனையும் சரசரவென்று உதிர்ந்து மரவை நிரம்பியது. தரையில் ஒரு கல்கூடச் சிந்தவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

"உப்பு இங்க இருக்கும்போது அடுப்பு அங்கயா இருக்கும்?" என்று தங்கபுஷ்பம் தன் வீட்டு அடுப்புக் கற்களைத் தூக்கிவரச் சொல்லி, அந்த அறையிலேயே போட்டாள், ஆளில்லாத அறை அது ஒன்றுதான். நூலகத்துக்கு வந்த சங்கத் தலைவர் மரியதாஸ், செயலாளர் அறையில் புகை வருகிறதே, கமிட்டியைக் கூட்ட வேண்டாமா என்று கேட்டார். "கூட்டுங்க, அதுவரைக்கும் இந்த வெங்காயத்த உரிங்க" என்றார்கள் பெண்கள். உள்ளறையில் இருந்த தட்டிகளை எடுத்துப் பின்பக்கம் நட்டுப் பெண்களுக்கு மறைப்புக் கட்டினார்கள்; உழைக்கும் மக்கள் ஒன்றுபடுக என்று அந்த மறைப்பில் இன்றும் வாசிக்கலாம். நாற்காலியின் பாலிதீன் உறையைக் கிழித்துவிட்டு அதில் லூர்தம்மாள் உட்கார்ந்தாள். அடுத்த மழைக்காலத்துக்கு, வேலையில்லாத நாட்களுக்கு, முதலாளிகளிடம் என்ன கேட்பது என்று அங்கே முதல்முறையாகப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. இப்படிப் பேசுகிறபோது நேரம் போவது தெரியாது என்பது தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றைக்குப் பார்த்து மாவட்டக் கமிட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அதிசயமாக, அய்யாத்துரை வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே விளக்கு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் கரி படிந்த தரைதான் இருந்தது. எதிரில் சங்கத்தில் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம், நெத்திலிக் குழம்பு வாசனை, பெண்களின் சிரிப்பு, அதற்கு நடுவில் தன் மனைவியின் குரல். அந்தக் குரல் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. படியேறிக் கதவைத் தள்ளினார். தோள் கொடுத்துத் தள்ளினார். திறக்கவில்லை.

"யாரது?"

"நாந்தான்." கொஞ்சம் தயங்கி, "செயலாளர்" என்றார்.

உள்ளே இன்னும் பெரிய சிரிப்பு. ஜன்னலில் லூர்தம்மாளின் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, மதினி பேசிக்கிட்டு இருக்காவ. சித்த நேரம் ஆகுமாம்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அய்யாத்துரை படியில் உட்கார்ந்தார். அடிவயிற்றில் என்னமோ எரிந்தது, காலையிலிருந்து சாப்பிடாத பசி என்றுதான் முதலில் நினைத்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் அது கூடிக்கொண்டே போனபோதுதான் பசி இல்லை என்று தெரிந்தது. மனைவியைப் பார்த்து எரிகிறதா, கட்டடத்தைப் பார்த்து எரிகிறதா என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சாய்ந்துகொள்ளலாம் என்று சுவரில் கையை வைத்தார். ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் சுவர் காய்ந்து கிடந்தது.